பொது நூலகத்தின் வாசகர் வட்டம்: யார் அந்தப் ‘பொது’?

மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு வீடு தேடும் தலித் ஒருவர் எதிர்கொள்ளும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. ‘சைவமா, அசைவமா?’ என்பது முதற்கேள்வி. ‘சொந்த ஊர் எது?’ என்பது இரண்டாவது. அதற்கும் ஐயம் தீராவிட்டால் ‘ஊரில் எந்தத் தெரு?’ என்பது மூன்றாவது. வழக்கறிஞராகப் பதிவுசெய்த ஆண்டில், உயர் நீதிமன்றத்துக்கு மின்சார ரயிலில் சென்றுவர வசதியாக இருக்கும் என்று எண்ணி, மாம்பலம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கத் தெருக்களில் மூன்று வாரங்கள் அலைந்தேன். வீடு கிடைக்கவில்லை. கடைசியில் சைதாப்பேட்டையில் குடியேறினேன்.

அந்த மூன்று வாரங்களில் வெயிலுக்கு ஒதுங்கிய இடம் அப்பகுதியின் கிளை நூலகம் ஒன்று. வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன், அவ்வளவுதான். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. மின்விசிறியின் கீழ் இருந்த நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படித்தேன். ஒரு பேட்டை முழுவதும் கேட்கப்படும் கேள்வி அந்த ஓர் அறையில் மட்டும் ஏன் கேட்கப்படவில்லை என்பதைப் பின்னர்தான் யோசித்தேன். அது தற்செயலன்று, அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, சட்டத்துக்குப் பின்னால் நம் முன்னோரின் போராட்டம் இருக்கிறது. ஆனால் அதே அறையில் மாதம் ஒருமுறை நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டு நூல் ஒன்று விவாதிக்கப்படும்போது, அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் திரும்பிவருவதையும் பார்த்திருக்கிறேன். இக்கட்டுரை அதைப் பற்றியது.

எது பொது இடம்?

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையிலுள்ள அயோத்தியா மண்டபம் பொதுக் கோயிலா, தனியார் சங்கத்தின் சொத்தா என்ற வழக்கு 2022-இல் தமிழகமெங்கும் பேசப்பட்டது. மண்டபத்தை அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த 2013-ஆம் ஆண்டு ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு அவ்வாண்டு ஏப்ரலில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் சரி தவறு இங்கே நம் பொருளன்று. ஒரு மண்டபம் பொதுவா தனியாரா என்பதற்கு இத்தனை வாதங்கள் நடந்த பேட்டையில், ஐயத்துக்கே இடமின்றிப் பொதுவான இடமொன்று இருக்கிறது, அது நூலகம் என்பதை எவரும் நினைவூட்டவில்லை.

நூலகம் பொது இடம் என்பதற்கு மூன்று அடுக்குகளில் சட்ட ஆதாரம் உண்டு.

முதலாவது அரசமைப்புச் சட்டம். அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்த எந்தக் குடிமகனுக்கும் சாதியின் பெயரால் தடை விதிக்கக் கூடாது என்று உறுப்பு 15(2) கூறுகிறது. ‘நூலகம்’ என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் அந்த உறுப்பைக் குறுக்கிப் படிப்பதற்கு இடமில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இப்பிரிவு விவாதிக்கப்பட்டபோது, அதிலுள்ள ‘கடை’ என்ற சொல்லையே விரிந்த பொருளில் கொள்ள வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அரசுப் பணத்தில் நடக்கும் நூலகம் அந்த விரிவுக்குள் எளிதாக அடங்கும்.

இரண்டாவது, தண்டனைச் சட்டங்கள். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4, பொது நோக்கத்துக்கான இடங்களைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அதன் பிரிவு 12 மிக முக்கியமானது: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் முதலில் ஊகிக்க வேண்டும்; அப்படியல்ல என்று நிறுவும் சுமை எதிர்த் தரப்பைச் சேரும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட பிரிவு 3(1)(இசட்ஏ)(டி), கல்வி நிறுவனம், மருத்துவமனை, கடை ஆகியவற்றுடன் வேறெந்தப் பொது இடத்திலும் நுழைவதைத் தடுப்பதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

மூன்றாவது, நூலகச் சட்டம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகங்கள் சட்டம். கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் காலத்தில் நிறைவேறிய அச்சட்டத்தின் பின்னணியில் நூலக அறிஞர் சீ.இரா. அரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு இருந்தது. நூலகத்துக்கு நிலையான வருவாய் வேண்டும் என்பதற்காகச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்க அச்சட்டம் வழிசெய்தது. இன்று அது சொத்து வரியில் 10 விழுக்காடு. வீட்டு உரிமையாளர்தானே கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். வீட்டு வரி வாடகையில் ஏறாத வீடு சென்னையில் எங்கே இருக்கிறது? ஓட்டு வீட்டின் ஒற்றை அறைக்கு வாடகை தருபவரும் நூலகத்துக்குப் பணம் தருகிறார். நூலகத்தில் நாம் விருந்தினர் அல்லர்; பங்குதாரர்.

நூற்றாண்டுக்கு முந்தைய வேர்

இந்த உரிமை 1950-இல் வானத்திலிருந்து விழுந்ததன்று. பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றில் எந்தச் சாதியினரும் தடையின்றிப் புழங்கலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். அதை அரசு ஏற்று 1925-இல் அரசிதழில் வெளியிட்டது. 1938-இல் பெருந்தலைவர் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பொது நூலகச் சட்டம் அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தே வந்தது. நூலகக் கதவுகளை அமைப்பதற்கு முன்பே அவற்றின் தாழ்ப்பாளை நம்மவர்கள் கழற்றிவைத்திருந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

நூலை நடுவில் வைத்துக் கூடிப் பேசும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று பண்டிதர் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். சென்னை, கோலார் தங்கவயல், இரங்கூன் என்று சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்த இடங்களில் அவ்விதழ் படிக்கப்பட்டது. எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டு விவாதிக்கும் வழக்கம் சேரிகளின் இரவுப் பாடசாலைகளிலும் படிப்பகங்களிலும் பின்னர் தொடர்ந்தது. இன்று ‘வாசகர் வட்டம்’ என்று நாம் அழைப்பதன் மற்றொரு வடிவம் அது. மேற்கு மாம்பலத்திலிருந்து இராயப்பேட்டை சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் வாசகர் வட்டங்களின் வரலாற்றைப் பேசுவோர் அந்தத் தொலைவைக் கடப்பது அரிது.

வட்டம் எப்படி இயங்குகிறது?

தமிழகப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்பது நூலகத்துக்கு உதவும் வாசகர்களின் அமைப்பு. புரவலர்களைச் சேர்ப்பது, தளவாடங்களுக்கு நன்கொடை திரட்டுவது, கூட்டம் நடத்துவது ஆகியவை அதன் வழக்கமான பணிகள். மாதாந்திர நூல் கலந்துரையாடல் இவற்றுள் ஒன்று. ஒருவர் நூலை அறிமுகம் செய்வார், மற்றவர்கள் பேசுவார்கள், முடிவில் அடுத்த மாத நூல் அறிவிக்கப்படும். பங்கேற்கக் கட்டணம் இல்லை. நூல் இரவல் பெறத்தான் உறுப்பினர் அட்டை வேண்டும். உட்கார்ந்து கேட்கவும் பேசவும் வேண்டியதில்லை.

சட்டத்தின் கண்ணில் இது முழுக்கத் திறந்த அவை. ஆனால் அவையில் எது பேசப்படும், யார் பேசுவார் என்பதை முடிவுசெய்வது சட்டமன்று, வழக்கம். தலைவராக இருப்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரி அல்லது ஆசிரியர். நூலைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவரும் அவருடைய நண்பர்கள் இருவருமாக இருப்பார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, அவர்கள் படித்து வளர்ந்த நூல்களே ஆண்டு முழுவதும் சுற்றிவரும்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு நூலகத்தில் நடந்த அத்தகைய கூட்டத்துக்குச் சென்றேன். அன்றைய நூல் பூமணியின் ‘வெக்கை’. 1982-இல் வெளிவந்த நாவல். ‘அசுரன்’ திரைப்படத்துக்கு மூலக்கதை. இருபது பேர் இருந்தோம். கரிசல் நிலத்தின் வருணனை, தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பாசம், பேச்சுமொழியின் அழகு என்று ஒன்றரை மணி நேரம் உண்மையிலேயே நன்றாகப் பேசினார்கள். சாதி என்ற சொல் மட்டும் ஒருமுறையும் எழவில்லை. பதினைந்து வயதுச் சிறுவன் நிலவுடைமையாளன் ஒருவனை ஏன் வெட்டுகிறான், அவன் குடும்பம் காவல் நிலையத்தை நம்பாமல் காட்டுக்குள் ஏன் ஓடுகிறது என்று நான் கேட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் கண்ணியமானவர். “ஐயா, ஆசிரியர் எந்த இடத்திலும் சாதிப் பெயரைச் சொல்லவில்லையே? இலக்கியத்தை இலக்கியமாகப் பார்ப்போம்” என்றார்.

அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. சாதிப் பெயர் கூறாமல் எழுதுவது ஓர் எழுத்தாளரின் தேர்வு; தன்னைத் தலித் எழுத்தாளர் என்ற சட்டகத்துக்குள் அடைப்பதைப் பூமணி விரும்பியவரும் அல்லர். ஆனால் எழுத்தாளர் சொல்லாமல் விட்டதற்கும் வாசகர்கள் பேச மறுப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அவர் ஏன் பெயரைச் சொல்லவில்லை என்பதே அன்றைய மாலையின் மிகச் சிறந்த விவாதமாக இருந்திருக்கும். நான் அதைச் சொன்னேன். சற்று அமைதி நிலவியது. பிறகு பின்வரிசையில் இருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பிக்குச் சொந்த ஊர் எது?”

வீட்டு வாசலில் கேட்ட அதே கேள்வி. எந்தச் சட்டத்தின் கீழும் அது குற்றமாகாது. ஆயினும் அதற்குப் பிறகு நான் அந்த அறையில் வாசகனாக இல்லை, சாட்சியாக ஆகிவிட்டேன். என் வாதம் நாவலைப் பற்றிய வாதமாகக் கேட்கப்படாமல், ‘அவர்கள் தரப்பு’ என்று கேட்கப்பட்டது. பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்த 1992 முதல் இன்றுவரை தலித் எழுத்துகள் பொது அவைகளில் படிக்கப்படும் முறையில் இந்தக் குறை தொடர்கிறது. வலியைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். அறிவைப் பற்றியும் வடிவத்தைப் பற்றியும் நகைச்சுவையைப் பற்றியும் கேட்பதில்லை. மற்றவர்கள் திறனாய்வு செய்கிறார்கள். நாம் அனுபவம் சொல்ல அழைக்கப்படுகிறோம்.

‘பிரச்சினை வரும்’ என்ற அச்சம்

கூட்டம் முடிந்ததும் நூலகப் பணியாளர் ஒருவர் தயக்கத்துடன் சொன்னார்: “இதெல்லாம் பேசினால் யாராவது மனு போடுவார்கள் சார். பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.” அவருடைய அச்சம் பொய்யன்று. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராகச் சாதி அமைப்புகள் திரண்டபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய ‘அமைதிக் கூட்ட’த்தில் எழுத்தாளரிடம் எழுதி வாங்கப்பட்டதைத் தமிழகமே அறியும்.

ஆனால் அதன் முடிவையும் நூலகர்கள் அறிய வேண்டும். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த அமைதிக் கூட்டத்தின் உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. ஒரு நூல் பிடிக்காதவருக்கு அதைப் படிக்காமல் இருக்கும் உரிமை உண்டு. பிறர் படிப்பதைத் தடுக்கும் உரிமை இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். நூல் கலந்துரையாடல் நடத்தும் எந்த நூலகருக்கும் இத்தீர்ப்பு ஒரு கேடயம்.

சாதியைப் பேசாத அவையே நாகரிகமான அவை என்ற எண்ணமும் புதியதன்று. 1936-இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல், சாதியை ஒழிப்பதற்கென்றே இயங்கிய அமைப்பு, தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்தது. உரையின் பிரதியைப் படித்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது, அவர் மறுத்தார், மாநாடே நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையை அவர் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுவே ‘சாதி ஒழிப்பு’. அவை மறுத்த உரை நூலாகி, இன்று எந்த நூலகத்தின் அலமாரியிலும் இடம் கோரி நிற்கிறது.

உட்கார்ந்திருப்பதும் உரிமையே

நூலகத்தில் அமைதியாக அமர்ந்திருப்பதற்கு ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கிளின்டன் என்ற சிற்றூரில், 1964-இல் கறுப்பின இளைஞர் ஐவர் கிளை நூலகத்துக்குச் சென்றனர். அம்மாவட்டத்தில் வெள்ளையருக்குச் சிவப்பு வண்டியும் கறுப்பினருக்கு நீல வண்டியுமாக நடமாடும் நூலகங்கள் இயங்கின. கறுப்பினரின் வரலாறு பற்றிய நூலொன்றை ஒருவர் கேட்டார். நூல் இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்றார் நூலக உதவியாளர். ஐவரும் வெளியேறவில்லை, ஒருவர் அமர்ந்தார், மற்றவர் அருகே நின்றனர். பத்துப் பதினைந்து நிமிடங்களில் கைது செய்யப்பட்டனர். 1966-இல் பிரவுன் எதிர் லூசியானா வழக்கில், 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில், அந்தத் தண்டனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒற்றுமையைக் கவனியுங்கள்: அவர்களைக் கட்டடத்துக்குள் நுழைய விட்டார்கள், தொடர்ந்து இருக்கத்தான் விடவில்லை. நுழைவு ஓர் உரிமை. தங்கியிருப்பது, கேட்பது, மறுத்துப் பேசுவது அதைவிடக் கடினமான உரிமை.

வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள்

கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே வர இயலாமல் போனவர்களையும் எண்ண வேண்டும். அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்டன. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அவர்களில் பலர் இன்றும் நகருக்குள் வந்து, கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்துவிட்டு, மாலையில் இரண்டு பேருந்து மாறித் திரும்புகிறார்கள். மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் கலந்துரையாடல் அவர்களுக்கானதன்று. நாள், நேரம் ஆகியவற்றைத் தீர்மானிப்பதும் ஒருவகைத் தேர்வே. ‘எல்லோரும் வரலாம்’ என்ற அறிவிப்பு யாரெல்லாம் வர முடியும் என்பதைச் சொல்வதில்லை.

நாம் செய்யக்கூடியவை

வழக்குத் தொடுப்பது கடைசி வழி. அதற்கு முன் எளிய வழிகள் பல உண்டு.

உங்கள் பகுதி நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில் தொடங்கும்படி எழுத்தில் கோருங்கள். இருந்தால், நூல் தேர்வு சுழற்சி முறையில் நடக்க வேண்டும் என்று முன்மொழியுங்கள்: ஒவ்வொரு மாதமும் வேறொருவர் தேர்வு செய்தால், எவருடைய ரசனையும் ஆண்டு முழுவதும் ஆளாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு அளிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. காரணம் கூற வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் விவாதிக்கப்பட்ட நூல்களின் பட்டியல், வாசகர் வட்டப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் விதி, வாங்கப்பட்ட நூல்களின் பட்டியல், உங்கள் பகுதியில் வசூலான நூலக வரி ஆகியவற்றைக் கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்தபின் வாதத்துக்கு உரத்த குரல் தேவைப்படாது.

நுழையவோ அமரவோ பேசவோ சாதியின் பெயரால் வெளிப்படையாகத் தடுக்கப்பட்டால், நேரம், இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். மேலே சொன்ன பிரிவுகள் இருக்கின்றன. பிரிவு 12-இன் ஊகம் உங்கள் பக்கம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடர்ந்து போங்கள். ஒருவராகப் போனால் சாட்சியாக்கப்படுவோம். மூவராகப் போனால் வாசகர்களாக இருப்போம். நம்முள்ளேயே கருத்து வேறுபட்டு விவாதித்தால், ‘அவர்கள் தரப்பு’ என்று ஒன்று இல்லை என்பது அவைக்குத் தானே விளங்கும்.

நான் அந்தக் கூட்டத்துக்கு அடுத்த மாதமும் போனேன், நண்பர்கள் இருவருடன். சொந்த ஊரைக் கேட்டவரும் வந்திருந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ பட்டியலில் சேர்ந்தது. அறிமுக உரை ஆற்றும் பொறுப்பை ஏற்றவர் அவர்தான். அவர் சொன்ன பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. அதை அங்கேயே எழுந்து சொன்னேன். அவரும் பதில் சொன்னார், நாவலைப் பற்றி மட்டும்.

அவருடைய தெருவில் எனக்கு இன்றும் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் அவருக்கும் எனக்கும் சமமாகச் சொந்தமான ஓர் அறை இருக்கிறது. அதற்கு இருவரும் வரி கட்டுகிறோம். அதில் மாதம் ஒருமுறை அமர்வது பொழுதுபோக்கன்று; நூறாண்டுகளுக்கு முன் சட்டமன்றத்தில் எழுந்து நின்று நமக்காக ஒரு தீர்மானத்தைப் படித்தவருக்கு நாம் செலுத்தும் கடன்.